கல்வளைவுக்கு ஒரு நடைபாதை

லொறி உரசிக்கொண்டு போன வேகத்தில் ஸரீனாவின் குடை பின்பலகைக் கொக்கியில் மாட்டி, அவளை விட்டுவிட்டுத் தான் மட்டும் தம்புள்ளைக்குப் பயணப்பட்டது.

பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்ட பிள்ளை முழங்கையில் சிராய்ப்போடு அழுதுகொண்டே திரும்பி வந்தாள். தேத்தண்ணிக் கடையில் கேத்தலை இறக்கிக்கொண்டிருந்த அவளுடைய வாப்பா மர்சூக் அதை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தான்.

"குடை போனா போகட்டும். பிள்ளை போயிருந்தா?" என்றாள் அவன் மனைவி ஹமீமா. "நீங்களும் பெட்டிசம் எழுதுறீங்க, எழுதுறீங்க, எழுதிக்கிட்டே இருக்கீங்க!"

பெட்டிசத்தில் மர்சூக் குறை வைக்கவில்லைதான். குடை போன இடம் நாவுலைக்கு இந்தப் பக்கம் ரோடு திரும்பும் கல்வளைவு. அங்கே ஒரு புறம் செங்குத்தான பாறை, மறுபுறம் வாய்க்கால், நடுவில் தார் ரோடு. லொறி வந்தால் நடந்துபோகிறவர்கள் பாறையில் பல்லியாய் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஓரமாக ஒரு நடைபாதை போட்டுத் தாருங்கள் என்று ஊரெல்லாம் கையெழுத்து வாங்கி மனு மேல் மனுவாக அனுப்பினான். ரோடு எங்களுடையதல்ல என்றது கிராம சபை. ரோடு எங்களுடையதுதான், ஓரம் எங்களுடையதல்ல என்றது அரசாங்கத்தின் ரோட்டுக் கந்தோர்.

அன்று பகல், வெங்காய லொறி ஓட்டும் அழகமுத்து தேத்தண்ணி குடிக்க வந்தபோது மர்சூக்கின் வாயில் ஒரு பொய் தானாக வந்து உட்கார்ந்தது.

"முத்து, வளைவுல பாத்துப் போ. அங்க ஒரு பொம்பள நிக்குதாம்."

"என்னா பொம்பள, மர்சூக் நானா?"

"வெள்ளைச் சேலை. வேகமா போற லொறியத்தான் பாக்குமாம். அது பாத்த லொறி வீடு போய்ச் சேராதாம்."

அழகமுத்து மிச்சத் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழுந்து போனான்.

"அல்லாவே! எதுக்கு இப்படி ஒரு பொய்?" என்றாள் ஹமீமா.

"பிள்ளைக்காகச் சொன்னது. அல்லா மன்னிப்பான்."

அந்தக் கிழமையே லொறிகள் வளைவில் ஊர்ந்து போகத் தொடங்கின. ஸரீனா புத்தகத்தை விரித்துப் படித்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனாள். மர்சூக் தன் மூளையை நினைத்துத் தானே வியந்துகொண்டிருந்த வேளையில் அழகமுத்து மறுபடி வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"நானா, நீங்க சொன்னது சரிதான். பாத்துட்டேன். ஆனா சேலை வெள்ளை இல்ல, பச்சை. தலையெல்லாம் ஈரம். சொட்டுது."

மர்சூக் சிரிப்பை அடக்கிக்கொண்டான். மறுநாள் லக்கலயிலிருந்து நெல் ஏற்றி வந்த ஒரு சிங்கள டிரைவர் கடையில் நின்றான். தமிழ் ஒரு சொல் தெரியாதவன், அழகமுத்துவைக் கண்டதே இல்லாதவன். வளைவில் ஒரு பெண் நிற்கிறாளே, யார் அது என்று அவனும் கேட்டான். பச்சைச் சேலையாம். தலை நனைந்திருந்ததாம்.

அடக்கி வைத்திருந்த சிரிப்பு மர்சூக்கின் தொண்டையிலேயே செத்துப்போனது.

அதன்பிறகு லொறிகள் வளைவில் பறக்க ஆரம்பித்தன.

"ஏன்டா முத்து, மெல்லப் போகத்தானே சொன்னேன்?"

"மெல்லப் போனா அது மொகத்தப் பாக்கணுமே, நானா! கண்ண இறுக்கி மூடிக்கிட்டு ஒரே அமுக்கு."

"கண்ண மூடிக்கிட்டா ஓட்டுறே?"

"எல்லாரும் அப்படித்தான்."

மர்சூக் அவசரமாகக் கதையை மாற்றினான். "அடேய், அது நல்ல பொம்பளடா. மரியாதையா போறவங்கள ஒண்ணும் செய்யாது."

மரியாதை என்ற சொல்லை டிரைவர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். லொறிகளை வளைவிலேயே நிறுத்தி, இறங்கி, சூடம் கொளுத்தித் தேங்காய் உடைத்தார்கள். ஒன்றன்பின் ஒன்றாக லொறிகள் ஓரத்தை அடைத்து நிற்க, நடந்துபோகிறவர்கள் ரோட்டின் நடுவே போக வேண்டியதாயிற்று. ஒரு காலை, நடுரோட்டில் போன ஸரீனாவின் மேல் ஏறாமல் இருக்க மாத்தளை பஸ் வாய்க்காலில் ஒரு சக்கரத்தை இறக்கியது.

"இனிப் பிள்ளை பள்ளிக்கூடம் போகமாட்டா" என்று ஹமீமா கதவைச் சாத்தினாள். "முந்தி லொறி மட்டும்தான் இருந்துச்சு. நீங்க பேயையும் கூட்டி வந்து நிறுத்திட்டீங்க."

அங்கே ஒன்றுமில்லை என்று எல்லாரும் பார்க்கட்டும் என்று, அன்று உச்சி வெயிலில் மர்சூக் தானே போய் வளைவில் நின்றான். தார் உருகி மணத்தது. ஒரு ஈ காக்கை இல்லை. கேட்டதெல்லாம் வாய்க்கால் சத்தம் மட்டும்தான். பார்த்தாயா, ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

தூரத்தில் ஒரு லொறி வந்தது. வேகத்தைக் குறைத்தது. அவனைக் கண்டதும் ஒதுங்கியது. ஒதுங்கியது சரி, ஆனால் இவ்வளவு தூரமா? ஒரு ஆளுக்கு வேண்டியதைவிட அதிகமாக, இன்னொரு ஆளுக்கும் சேர்த்து இடம் விட்டு, வாய்க்கால் விளிம்பு வரை ஒதுங்கியது. டிரைவர் மர்சூக்கைப் பார்த்துத் தலையசைத்தான். பிறகு மர்சூக்கின் பக்கத்தில் பார்த்து இன்னொரு தடவை, இன்னும் பணிவாகத் தலையசைத்தான்.

மர்சூக்கின் இடது தோள் சட்டை ஈரமாக இருந்தது.

வியர்வைதான் என்று ஓதிக்கொண்டே வந்தான். வலது தோள் ஏன் காய்ந்திருந்தது என்று ஹமீமா கேட்டபோது போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். அன்றே பிடித்த காய்ச்சல் பல நாள் கழித்துத் தணிந்து அவன் எழுந்து வந்து பார்த்தபோது கல்வளைவில் ஒரே சத்தம். ஆட்கள் பாறையைக் குடைந்துகொண்டிருந்தார்கள். சரளைக் கல் குவிந்திருந்தது. ஓரக் கல் பதித்து, நல்ல அகலமாக, ரோட்டைவிட ஒரு சாண் உயரத்தில் நடைபாதை வளர்ந்துகொண்டிருந்தது.

மர்சூக்குக்குக் கண் கலங்கிவிட்டது. ஹமீமாவையும் ஸரீனாவையும் கூட்டிக்கொண்டு, கேத்தல் நிறையத் தேத்தண்ணியோடு போனான். வேலையை மேற்பார்வை பார்த்துக்கொண்டு நின்றவர் ரோட்டுக் கந்தோர் ஓவசியர் ஸக்கரியா.

"பாத்தியா, என்ட பெட்டிசம் வேல செஞ்சிருக்கு" என்று மனைவியிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு, ஓவசியரிடம் கோப்பையை நீட்டினான். "ஓவசியர் நானா, நான் அனுப்பினதுல எந்தப் பெட்டிசத்தப் பாத்து இந்த உத்தரவு வந்துச்சு?"

ஸக்கரியா தேத்தண்ணியை ஊதி ஒரு மிடறு குடித்தார்.

"பெட்டிசமா? அதெல்லாம் யாரு படிக்கிறா, முதலாளி! ஒங்க ஊரு அம்மா ஒருத்தங்க தினமும் கந்தோர்ல வந்து தரையெல்லாம் ஈரமாக்கிக்கிட்டு நின்னாங்களே, 'நடக்கிறவங்களாவது கடந்து போயிடுவாங்க, நான் அங்கேயே நிக்கணுமே'ன்னு!"