பக்கத்து அறையில் பழைய கெர்னல்

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நாங்கள் மூவரும் நலம். அப்பாவின் நூலகக் கணினிதான் நலமாக இல்லை. நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக எழுதுகிறேன். மின்னஞ்சல் அனுப்ப முடியாது, அதுவும் அந்தக் கணினிக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கிறது.

நீங்கள் நிறுவிக் கொடுத்த இயங்குதளத்தின் மூலநிரலைப் புதுப்பிக்கும்படி தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. இன்று நூலகத்துக்கு விடுமுறை என்பதால் அப்பா காலையிலேயே புதிய மூலநிரலை இறக்கி, "நமக்கு வேண்டாததையெல்லாம் எதுக்குச் சுமக்கணும்" என்று அமைப்புக் கோப்பில் பதினோரு வரிகளை நீக்கிவிட்டு, கெர்னலைக் கட்டத் தொடங்கினார். கணினியில் எல்லாவற்றையும் கட்டி மேய்ப்பது கெர்னல்தான் என்று, சாப்பாடு கொண்டுவந்த அம்மாவுக்கு நான் விளக்கினேன். அம்மாவின் காதில் அது பட்டாளத்துக் கர்னல் என்று விழுந்தது.

"புதுக் கர்னல் வந்தா பழையவரை எங்க உக்கார வைப்பீங்க?"

"பழையவர்னு பேர் வச்சு பக்கத்து அறையில விட்டுடுவோம். புதுசு சொதப்பினா கூப்பிட்டுக்கலாம்," என்றார் அப்பா.

"அந்த அறையில எத்தனை பேர் இருக்கலாம்?"

"ஒருத்தர்தான். நீ சாதத்தைப் போடு."

மாமா, கேட்க வேண்டிய கேள்வியை அம்மா மட்டும்தான் கேட்டார். நிறுவும் ஆணையை அப்பா கொடுத்தார்; பழையது பத்திரமாகப் பக்கத்து அறைக்கு, அதாவது இன்னொரு கோப்புறைக்கு, போயிற்று. ஆனால் நல்லபடியாக முடிந்தது என்று திரையில் ஒரு சொல்கூட வராததால், எதற்கும் இருக்கட்டும் என்று அதே ஆணை இன்னொரு முறை கொடுக்கப்பட்டது. உடனே முதல்முறை நிறுவிய புதியதே பழையவர் என்ற பெயரில் பக்கத்து அறைக்குள்ளும் நுழைய, அங்கிருந்த பழையது அழிந்தது. மறுபடி இயக்கியபோது புதியவர் கணினியின் வயிற்றுக்குள் இருக்கும் வன்வட்டையே எங்கே என்று கேட்டு நின்றுவிட்டார். வன்வட்டை அறியும் வரி, அப்பா நீக்கிய அந்தப் பதினொன்றில் ஒன்று. அப்பா பழையவரைக் கூப்பிட்டார். அவரும் அதையே கேட்டார்.

மேலதிகாரி தொலைபேசியில், "யார் பண்ணின வேலை இது?" என்றார்.

"நான்தான் சார்."

"செவ்வாய்க்கிழமைக்குள்ள எழும்பலைன்னா நீங்க கிடங்குக்குப் போயிடுங்க. புத்தகத்தை மூட்டை கட்டலாம்."

அப்பா சாதத்தைப் பிசைந்தபடியே இருந்தார்; சாப்பிடவில்லை. பழைய கெர்னலின் பிரதி உங்களிடம் இருந்தால், இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் பேருந்து ஓட்டுநரிடமே கொடுத்தனுப்புங்கள்.

அத்தைக்கு என் வணக்கம். பாப்பாவுக்கு ஒரு முத்தம்.

உங்கள் ஆசியை வேண்டும்
மருமகள்

பின்குறிப்பு: மேலே "கொடுக்கப்பட்டது" என்று எழுதியிருக்கிறேன். செய்தவர் யாரென்று தெரியாதபோது அப்படி எழுதலாம் என்று தமிழாசிரியை சொல்லியிருக்கிறார். எனக்குத் தெரியும். அப்பா கை கழுவப் போயிருந்தபோது அழுத்தியது நான். அப்பாவுக்கும் தெரியும் என்று நினைக்கிறேன். "எழுதி முடிச்சிட்டியாம்மா?" என்று மட்டும் இப்போது கேட்டார். கேட்டுவிட்டு, விளக்கை அணைக்கக் காத்திருக்கிறார்.