பாலைவனத்திலிருந்து நான் அடித்த தந்தி

எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களுக்குத் தந்தி என்றால் சாவுதான். கலியாண வாழ்த்தும் தந்தியில் வந்ததுண்டு. ஆனாலும் வீட்டு வாசல் படலையில் "தந்தி" என்று குரல் கேட்டால் முதலில் அழுவோம், பிரிப்பதெல்லாம் பிறகு. பாரிசில் இருந்திருந்து நாகரிகம் முற்றிப்போன எனக்கு இது மறந்துவிட்டது.

ஆஸ்திரேலியாவில் இருக்கும் தம்பி என்னை நடுப் பாலைவனத்துக்குக் கூட்டிப்போனான். அங்கே பழைய தந்தி நிலையம் ஒன்றை அப்படியே காத்து வைத்திருக்கிறார்கள். கல்வீடுகள், செம்மண், முகத்தில் மொய்த்து, விரட்டினாலும் பறக்காத இலையான். தந்திக் கட்டையை நானும் தட்டிப் பார்த்தேன். (எனக்குப் பின்னால் நின்ற வெள்ளைக்காரக் குழந்தை என்னைவிட நன்றாகத் தட்டியது.) நாம் சொல்வதைப் பழைய தந்தித் தாளில் அடித்து, உறையிலிட்டுத் தபாலில் அனுப்பியும் விடுகிறார்கள்.

"மெட்ரோ மாறத் தெரியாத மனுசன் பாலைவனம் பாக்கப் போறார்" என்று என்னை வழியனுப்பியவள் என் மனைவி மாலதி. அவளுக்குக் காட்டத்தானே வேண்டும். பாரிசுக்குப் பக்கத்தில் ஆர்ஜொந்தெய்யில் இருக்கும் எங்கள் வீட்டு விலாசம் கொடுத்து, "சுகமாக வந்து சேர்ந்தேன். வெயில் அதிகம்" என்று கம்பீரமாக ஒரு தந்தி அனுப்பினேன்.

பிறகு மூன்று கிழமை போன் வேலை செய்யாத காடெல்லாம் சுற்றிவிட்டு, நகரம் திரும்பி வீட்டுக்குப் போன் எடுத்தேன்.

"உயிரோடை இருக்கிறியளோ?" என்று கேட்டாள் மாலதி.

"ஓம். ஏன்?"

"அப்ப என்னத்துக்குத் தந்தி அடிச்சனியள்?"

"பிரிச்சுப் பாக்கேல்லையோ?"

"தந்தியை ஆர் பிரிக்கிறது? என்ரை அண்ணை உறையைக் கண்டவுடனை குழறத் தொடங்கிட்டார். உங்கடை போனும் இல்லை. எனக்குச் சோறு இறங்கேல்லை. கடைசியிலை மகள்தான் பிரிச்சு வாசிச்சவள். வெயில் அதிகமாம்."

"சரி, இப்ப தெரிஞ்சிட்டுதுதானே."

"அதுக்கு முதலே அண்ணை லாச்சப்பலுக்குப் போயிட்டார்."

பாரிசில் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலுக்கு இந்த நேரத்தில் போவதென்றால் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் அடிக்க. நான் திரும்பி வந்தபோதும் கடைக் கண்ணாடிகளில் சிரித்துக்கொண்டிருந்தேன். (ஒட்டுவதற்கு ஆள் உண்டு, கழற்ற இல்லை.) படம் கலியாண அல்பத்தில் வெட்டியது; மாலதியின் விரல்கள் மட்டும் என் தோளில் மிச்சம். ஊர்ச் சங்கம் ஒன்று அடித்திருந்தது. அதிலிருந்து பிரிந்துபோன சங்கம் அதைவிடப் பெரிதாக அடித்திருந்தது. என் வணக்கத்துக்கு ஒருநாளும் பதில் சொல்லாத சங்கத் தலைவர் என்னைப் "பண்பின் சிகரம்" ஆக்கியிருந்தார்.

மரக்கறிக் கடைக்காரர் என்னைக் கண்டு சங்கடப்பட்டார். "அண்ணை, குறை நினைக்காதேங்கோ. செத்தவீட்டுக்கு வரத்தான் இருந்தனான், கடையிலை நிக்க ஆள் இல்லை."

"பரவாயில்லை, நானும் வரேல்லை" என்றேன்.

இன்றைக்கும் கறிக்கு உப்புக் குறைவு என்று நான் வாய் திறந்தால் போதும். மாலதி என்னைப் பார்க்காமல் மகளிடம் சொல்லுவாள்:

"நோட்டீசிலை எவ்வளவு நல்ல மனுசன்."