ஏழை எண் ஒன்று

மனிதகுலம் எழுப்பிய கட்டடங்களில் தசமபாகக் களஞ்சியத்துக்கு ஈடான புனிதக் கட்டடம் வேறில்லை என்பது சபைச் செயலாளர் இன்பராஜ் அவர்களின் அசைக்க முடியாத கருத்து. மகனைப் பார்க்க இங்கிலாந்து போனபோது அப்படி ஒன்றைக் கண்டார். எழுநூறு வருடத்துக்கு முன்னால் குடியானவர்கள் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் தேவாலயத்துக்குக் கொண்டுவந்து கொட்டிய கற்களஞ்சியம். கொட்டியவர்களின் குடிசை ஒன்றுகூட மிஞ்சவில்லை. களஞ்சியத்தில் ஓர் ஓடுகூட நகரவில்லை. இதல்லவோ நிர்வாகம் என்று இன்பராஜுக்குக் கண் கலங்கிவிட்டது.

திரும்பி வந்ததும் ஆம்பூர்ப் பக்கத்திலுள்ள தன் சபையிலும் ஒன்று எழுப்பினார். சின்ன இடைஞ்சல், சபையாரில் வயல் உள்ளவர் யாருமில்லை. எல்லாரும் ஷூ கம்பெனித் தொழிலாளிகள். பத்துக்கு ஒரு ஷூவைக் காணிக்கையாகக் கேட்கலாமா என்று கமிட்டி இரண்டு கூட்டங்களில் விவாதித்து, ஒற்றைக்கால் ஷூவால் ஊழியத்துக்குப் பயனில்லை எனக் கைவிட்டது. கடைசியில், பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் எடுத்துவைக்கும் பிடி அரிசியே 'தசமபாகம்' என்று தீர்மானமாயிற்று. நான்கே வருடத்தில் களஞ்சியம் நிரம்பியது. வண்டுகளும் சபையில் சேர்ந்து பெருகின.

'ஏழைகளுக்காக' என்று வாசலில் கல்வெட்டும் உண்டு. அதை நம்பி நிஜமாகவே ஓர் ஏழை வந்துவிடுவாள் என்று கமிட்டி எதிர்பார்க்கவில்லை.

வந்தவள் சம்பூர்ணம். இன்பராஜ் சூப்பர்வைசராக இருந்த கம்பெனியில் இருபது வருடம் ஷூ அடிப்பாகத்துக்குச் சொல்யூஷன் பசை பூசியவள். ஆர்டர் இல்லையென்று கம்பெனி இரண்டு மாதமாக மூடிக் கிடந்தது. ரேஷன் அரிசி தீர்ந்துவிட்டது, பெண்பிள்ளைகள் இரண்டும் காலையிலிருந்து வெறும் டீயோடு இருக்கின்றன, பத்து கிலோ கிடைத்தால் மாதத்தை ஓட்டிவிடுவேன் என்றாள்.

இன்பராஜின் மனம் இளகியது. ஆனால் இளகிய மனமும் விதிப்படிதான் நடக்க வேண்டும். தகுதியில்லாதவர்கள் அள்ளிப் போகாதிருக்க அவர் விரல்ரேகை மெஷின் ஒன்றை மாட்டியிருந்தார். ரேகை பதிந்தால் சீட்டு வரும். சீட்டில் யார் பெயரோ அவருக்கே அரிசி.

சம்பூர்ணம் கட்டைவிரலை வைத்தாள். சிவப்பு விளக்கு. பத்து விரலையும் வைத்துப் பார்த்தாயிற்று. 'ரேகை இல்லை' என்றது மெஷின், பெண் குரலில், மிகுந்த மரியாதையாக.

"சொல்யூஷன்ல தேஞ்சி போச்சு சார்."

"அதுக்கு மெஷின் இன்னாம்மா பண்ணும்?"

"பிடி அரிசி கொண்டாந்து போட்டப்ப இந்தக் கைய யாரும் இன்னான்னு கேக்கலயே."

"குடுக்கறதுக்கு ரேகை வேணாம்மா. வாங்கறதுக்குத்தான் வேணும்."

சம்பூர்ணத்துக்கு ஆத்திரம் வந்தது. மெஷின்தான் கெட்டுக் கிடக்கிறது என்றாள். அந்த அபவாதத்தை மட்டும் இன்பராஜால் பொறுக்க முடியவில்லை. பழுதில்லை என்று நிரூபிக்கத் தன் கட்டைவிரலை வைத்தார். உடனே பச்சை விளக்கு. 'ஏழை எண் 1, இன்பராஜ், 10 கிலோ' என்று சீட்டும் வந்தது.

விதியை அவரே மீறலாமா? மீறவில்லை. அள்ளிப் போட வேறு ஆள் இல்லாததால் சம்பூர்ணத்தையே அள்ளச் சொன்னார். அவள் அளந்து கட்டிய மூட்டையை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு, கனத்த மனத்தோடு வீட்டுக்குப் புறப்பட்டார்.

மெஷினைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. இருபது வருடம் அடுத்தவர் உழைப்பைச் சுட்டிக் காட்டியே சம்பளம் வாங்கிய கை அது; ஒரு கோடுகூட அழியவில்லை.