ஆறாவது இன்னிங்ஸில் பணிநீக்கம்

அந்தச் சனிக்கிழமை பேஸ்பால் மைதானத்துக்கு எங்கள் குடும்பத்தின் சார்பில் வந்திருந்தவர்கள்: குடும்பத் தலைவரும் மின்வாரியத்தில் செயற்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவருமான சுப்பையன், அதாவது நான்; என் மனைவி நாகரத்தினம்; என் மகன் தீபக். மகள் பிரீத்தி அங்கே ஆடிய அணிக்கே பிசியோதெரபிஸ்ட் என்பதால் கீழே வீரர்களோடு உட்கார்ந்திருந்தாள். அவள் வந்தவள் அல்ல, பணியில் இருந்தவள். ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டவர்: கபிலாஷ், அந்த அணியின் பிட்சர், எடிசன் ஊரில் இதய மருத்துவராக இருக்கும் ஆனந்தராஜாவின் மகன்.

ஓர் இளைஞனைச் சரியாக எடைபோடத் தெரிந்த குடும்பம் இந்த உலகத்தில் ஒன்று உண்டென்றால், அது கோபிசெட்டிபாளையத்திலிருந்து கடல் கடந்து பிளெய்ன்ஸ்பரோவுக்கு வந்து சேர்ந்த எங்கள் குடும்பம்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன். எங்கள் அளவுகோல் எளியது. எங்களில் ஒருவரும் இன்றுவரை வேலையை விட்டு அனுப்பப்பட்டதில்லை. ஓய்வு பெறுவோம், இல்லாவிட்டால் பணியில் இருக்கும்போதே காலமாவோம். மூன்றாவது வழி எங்களுக்குத் தெரியாது. காலை இட்லியின்போது இதைப் பிள்ளைகளுக்கு நினைவூட்டுவது என் வழக்கம்.

ஆகவே, "கபிலைத்தான் கல்யாணம் பண்ணிக்குவேன்" என்று பிரீத்தி அறிவித்தபோது நான் கோபப்படவில்லை. "பையன் என்ன பண்றான்?" என்று மட்டும் கேட்டேன்.

"பேஸ்பால்ல பந்து எறியறான்ப்பா."

"அது சரி. வேலை?"

"அதுதான் வேலை."

பெரிய அணிகள் தங்களுக்குக் கீழே சின்ன ஊர்களில் படிப்படியாகச் சின்ன அணிகளை வைத்திருக்கும் என்றும், அதற்கு 'மைனர் லீக்' என்று பெயர் என்றும், நன்றாக எறிகிறவன் ஒவ்வொரு படியாக மேலே போவான் என்றும் விளக்கினாள். புரிந்துகொண்டேன். ஜூனியர் இன்ஜினியர்.

மாப்பிள்ளையை அவன் வேலை செய்யும் இடத்திலேயே போய்ப் பார்ப்பது எங்கள் மரபு. என் தங்கைக்கு வரன் வந்தபோது என் அப்பா தபால் நிலையத்துக்குப் போய், வரிசையில் நின்று, மாப்பிள்ளை முத்திரை குத்தும் நேர்த்தியைக் கண்ணால் பார்த்த பிறகே தாம்பூலம் மாற்றிக்கொண்டார். அந்த மரபுப்படிதான் மைதானத்துக்குப் போனோம். தீபக் சனிக்கிழமையும் லேப்டாப் பையோடு வந்தான். அவனுடைய கடமையுணர்வு அப்படி. உட்கார இடம் பண்ணுவதற்காக அதைத் தூக்கி வைத்தேன். இந்தக் காலத்து லேப்டாப்புகளுக்கு எடையே இல்லை.

எங்களுக்கு முன்வரிசையில் ஒரு வெள்ளைக்காரர் துப்பாக்கி போன்ற கருவியைக் கபிலாஷ் எறியும் ஒவ்வொரு பந்துக்கும் குறிவைத்துக்கொண்டிருந்தார். பெரிய அணியிலிருந்து, பந்தின் வேகத்தை அளந்து திறமையை மதிப்பிட வந்தவர் என்று தீபக் விசாரித்துச் சொன்னான். நானும் அதே காரியமாக வந்தவன்; சக அதிகாரி என்ற முறையில் எட்டிப் பார்த்தேன். கருவியில் தொண்ணூற்றாறு என்று இருந்தது.

"தொண்ணூற்றாறா? மீதி நாலு எங்கே?" என்று ஆங்கிலத்தில் விசாரித்தேன்.

அவர் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். "சார், நீங்க எந்த அணியிலேருந்து?"

"பெண் வீடு," என்றேன்.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் மிகுந்த எச்சரிக்கையோடு நடந்துகொண்டார்.

"ஏனுங்க, பந்தைப் போடறதுக்கு முந்தி கால்ல மண்ணைச் சீய்க்கறான் பாருங்க, கோழியாட்டம்," என்றாள் நாகரத்தினம். "தொப்பியைத் தொடறான், காதைத் தொடறான், அப்பறம் துப்பறான்."

"இங்க எல்லாருமே துப்புவாங்கம்மா," என்றான் தீபக்.

"வூட்டுக்குள்ள துப்பாம இருந்தாச் சரி."

எதிரணியினர் ஒவ்வொருவராக வந்து, மட்டையைக் காற்றில் வீசிவிட்டுத் திரும்பினார்கள். பையன் தேறிவிட்டான் என்று மனதுக்குள் முடிவு செய்யப்போன நேரத்தில்தான் அது நடந்தது.

ஒன்பது இன்னிங்ஸில் ஆறாவதின் நடுவில் வயிறு பெருத்த பெரியவர் ஒருவர் ஓரத்திலிருந்து கிளம்பி, கொஞ்சமும் அவசரப்படாமல் மைதானத்தின் மத்திக்கு நடந்தார். கபிலாஷின் தோளில் கை வைத்து ஏதோ சொன்னார். பிறகு அந்தக் கையை நீட்டினார். பையன் பந்தை அதில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்தபடி வெளியே நடந்தான். அவன் போய்ச் சேருவதற்குள் வேறொருவன் ஓடி வந்து அவன் இடத்தில் நின்றுகொண்டான்.

"மேனேஜருங்களா அவரு?" என்று கேட்டாள் நாகரத்தினம்.

"ஆமாம்மா." தீபக்கின் முகம் வெளுத்திருந்தது. "இப்படித்தான் பண்ணுவாங்க. தோள்ல கை வெச்சாலே முடிஞ்சுதுன்னு அர்த்தம். பேட்ஜை வாங்கிக்குவாங்க. லேப்டாப்பை வாங்கிக்குவாங்க. காலிப் பையை மட்டும் நம்ம கையில குடுத்து, கதவு வரைக்கும் கூடவே வருவாங்க."

பிறர் துன்பத்தை இவ்வளவு நுணுக்கமாக அறிந்துவைத்திருக்கும் மகனை நினைத்துப் பூரித்தேன். நாகரத்தினம் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அன்று வெயில் அதிகம்.

மைதானமே எழுந்து நின்று கை தட்டியது. ஒருவனுக்கு வேலை போவதை இத்தனை பேர் எழுந்து நின்று கொண்டாடும் நாகரிகத்தை என்னவென்று சொல்வது! முன்வரிசை அதிகாரியும் கருவியை உறையில் போட்டுக்கொண்டு வெளியேறினார். வேறு அத்தாட்சி தேவைப்படவில்லை. 'வரன் நிராகரிக்கப்பட்டது' என்ற தீர்மானத்தை நான் முன்மொழிந்து நானே வழிமொழிந்தேன். மற்ற இருவரும் வாக்களிக்கவில்லை. எழுந்தோம்.

கார் நிறுத்துமிடத்திலிருந்தே டாக்டர் ஆனந்தராஜாவுக்கு போன் செய்தேன். துக்கச் செய்தியைத் தாமதிப்பது எங்கள் பண்பாடு அல்ல.

"டாக்டர், மனசைத் தேத்திக்குங்க. பையனுக்கு வேலை போயிருச்சு. கண்ணால பாத்தோம். இனி சம்பந்தம் சரிப்படாதுங்க. ஆனாலும் மனிதாபிமான அடிப்படையில, நம்ம தீபக் அவன் ஆபீஸ்ல ரெஃபர் பண்ணுவான்."

தீபக் இருமினான்.

"என்ன அண்ணை கதைக்கிறியள்?" என்றார் டாக்டர். "பிட்சரை மாத்தினதைச் சொல்லுறியளோ? அது வழமைதானே. கை களைச்சால் மாத்துவினம்."

"எல்லாரும் பாக்கறப்ப பந்தைப் புடுங்கிட்டாருங்க."

"பிடுங்கேல்லை அண்ணை, வாங்கினவர். திறமா எறிஞ்சவனுக்குத்தான் சனம் எழும்பி நிண்டு கை தட்டும்."

தீபக் போனின் பக்கம் குனிந்தான். "அங்கிள், வெளிய அனுப்பினதுக்கப்புறம் திரும்பக் கூப்பிடுவாங்களா?"

"அஞ்சு நாளில திரும்ப எறிவான் தம்பி. அதுவரைக்கும் தோளுக்கு ஐஸ் வச்சுக்கொண்டு வீட்டில இருப்பான்."

"வீட்லயே இருக்கலாமா?"

"பின்ன வீடு எதுக்கு?" என்றார் டாக்டர்.

தீபக் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பேஸ்பாலில் இவ்வளவு ஈடுபாடு இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஆட்டம் முடிந்ததும் பிரீத்தி ஓடி வந்து கார்க் கண்ணாடியைத் தட்டினாள். "அப்பா, கபிலை மேல் அணிக்கு எடுத்துட்டாங்க. திங்கட்கிழமை போறான்."

"நான் அப்பவே நினைச்சேன்," என்றேன். முந்தைய தீர்மானம் அந்த இடத்திலேயே காலாவதியானது.

"ஆனந்தராஜா அங்கிள் போன் பண்ணாரு. வேலை போச்சுன்னு நினைச்சு வேண்டாம்னீங்களாமே. வேலை போனா ஆளும் போயிடுவானாப்பா?"

என்னிடம் கேட்டவள் ஏனோ தன் அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம குடும்பத்துல அந்தக் கேள்விக்கே எடமில்லை," என்று தெளிவுபடுத்தினேன். நாகரத்தினம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தீபக் வண்டியைக் கிளப்பினான்.

திருமணம் நவம்பரில், ஆட்டக்காலம் முடிந்த பிறகு. இரு வீட்டாருக்கும் முழுத் திருப்தி.

இந்நிலையில் ஐசலின் என்ற ஊரின் கடைத்தெருவில் ஒரு வதந்தி உலவுவதாக என் கவனத்துக்கு வந்திருக்கிறது. தீபக்குக்கு மார்ச் மாதமே வேலை போய்விட்டதாம். தினமும் காலையில் நான் அவனைப் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் இறக்கிவிட்டுத் திரும்பியதும், அவன் ரயிலேறாமல் நூலகத்துக்குப் போய் மாலைவரை உட்கார்ந்திருந்தானாம். இது எங்கள் குடும்பத்தில் ஒருவருக்குமே தெரியாதாம்.

இது அப்பட்டமான பொய். என் மனைவிக்கு முதல் நாளே தெரியும். அவனுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தவளே அவள்தான். பிரீத்திக்குத் தெரியும். கபிலாஷுக்குத் தெரியும். டாக்டர் ஆனந்தராஜாவுக்கும் தெரியும். தெரியாமல் இருந்தது எனக்கு மட்டுமே. எங்கள் வீட்டில் குடும்பத் தலைவருக்குக் கிடைக்கும் மரியாதை அப்படிப்பட்டது.