கேள்வி கேட்காத லோயர்

"உங்கட மச்சான் ஏமாத்தினா என்ன செய்வியள்?"

சட்டத்தரணி பொன்னுத்துரை இப்படிக் கேட்டதும் ராஜலிங்கத்துக்குக் குடித்துக்கொண்டிருந்த பிளேன்டீ புரையேறியது.

"ஐயோ சார், அவன் என் பொண்டாட்டியோட கூடப்பொறந்த தம்பி!"

"ஓம். இஞ்ச வழக்குக்கு வாறவை எல்லாருக்கும் எதிராளி ஆரோ ஒரு சொந்தம்தான். இதைக் கேட்டு எழுதாமல் ஒப்பந்தம் முடிக்கேலாது."

ராஜலிங்கம் பல்லேகலையில் ஒரு பேக்கரியில் பதினெட்டு வருஷமாக நெருப்பில் வெந்துகொண்டிருந்தவன். தெல்தோட்டையில் மச்சான் அழகர் தன் பெயரில் வாடகைக்கு எடுத்த கடையில், கைச்சேமிப்பையெல்லாம் கொட்டி, தானே பாண் சுடும் போறணை கட்டி முடித்திருந்தான். பங்கு ஒப்பந்தம் எழுத ஒரு லோயர் கிடைத்துவிட்டால் மறுநாளே பாண் போடலாம்.

நடந்ததை வீட்டில் வந்து சொன்னதுதான் தப்பாகப் போயிற்று.

"என் தம்பிய திருடன்னு சொன்னவன்கிட்ட பிளேன்டீ வேற வாங்கிக் குடிச்சீங்களா?" என்று சீதா கரண்டியைப் போட்டாள்.

அன்று மாலையே விஷயம் அழகர் காதுக்குப் போனது. வந்தவன் சோற்றில் கை வைக்கவில்லை.

"நம்பிக்கை இல்லாட்டி விட்டுருங்க மச்சான். நான் ஒதுங்கிக்கிறேன்."

ராஜலிங்கம் பதறிப்போய் கண்டியில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் வேறொரு லோயர் அம்மாவைப் பிடித்தான். துணைக்குச் சீதாவையும் கூட்டிப் போனான். உள்ளே நுழையும்போதே கெஞ்சினான்.

"மேடம், ஏமாத்துறதப் பத்தி மட்டும் கேக்காதீங்க."

"சரி, கேக்கல. நீங்க செத்துப்போனா உங்க பங்கு யாருக்கு?"

சீதா தாலியைப் பிடித்துக்கொண்டு அழுதபடியே படியிறங்கினாள். கோர்ட்டுக்கு வந்திருந்த கூட்டம் முழுவதும் ராஜலிங்கத்தைத்தான் முறைத்தது.

"லோயர்மாரு குடும்பத்தக் கெடுக்கிறவங்கன்னு இப்ப தெரியுதா?" என்றான் அழகர். அதன் பிறகு ஒரு வாரம் கடைப்பக்கமே வரவில்லை. வாங்கிப் போட்டிருந்த மாவில் வண்டு விழ ஆரம்பித்தது.

கடைசியில் ராஜலிங்கம் மச்சான் வீட்டு வாசலில் போய் நின்றான்.

"நீயே ஒரு லோயரப் பாருப்பா. யாரா இருந்தாலும் சரி."

இரண்டே நாளில் லோயர் கிடைத்தார். தங்கமான மனிதர். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சிரித்த முகத்தோடு தாள்களை நகர்த்தினார்.

எல்லாம் சிங்களத்தில் இருந்தது. ராஜலிங்கம் சிங்களம் சரளமாகப் பேசுவான். எழுத்துத்தான் பிடிபடாது. 'என்ன சார் எழுதியிருக்கு?' என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. பக்கத்தில் அழகரின் முகத்தைப் பார்த்தான். கேள்வியை விழுங்கினான்.

"எங்க சார் போடணும்?"

லோயர் கடைசித் தாளின் அடியில் ஓரிடத்தில் விரலை வைத்தார். போட்டான்.

வெளியே வந்து மச்சானைக் கட்டிப்பிடித்தபோது கண் கலங்கிவிட்டது. "உன்ன ரொம்ப நோகடிச்சிட்டேன்டா." அதே சூட்டில் பல்லேகலைக்குப் போய் முதலாளியிடம் சொல்லி வேலையையும் விட்டுவிட்டு வந்தான்.

"வியாபாரம் பதியிறத நான் பாத்துக்கிறேன்," என்று அழகர் சொல்லியிருந்தான். பாவம், அவனுக்கு இதற்கும் ஏன் சிரமம்? புதன்கிழமை காலை ராஜலிங்கம் புதுச்சட்டை போட்டுக்கொண்டு, ஒப்பந்தப் பிரதியோடு தானே பதிவு அலுவலகத்துக்குப் போனான்.

கவுண்டரில் இருந்த அனீஸா அவன் பெயரைக் கேட்டுவிட்டுப் பிரதியைப் புரட்டினாள். கடைசிப் பக்கத்தில் அவன் கையெழுத்தைப் பார்த்தாள். பிறகு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"சாட்சிக்காரர் வரத் தேவையில்லையே அண்ணன், பங்காளிங்க ரெண்டு பேரும், அழகரும் அந்த லோயரும், நேத்தே வந்து பதிஞ்சிட்டுப் போயிட்டாங்களே!"