பழசு ரெண்டும்

பாதாம் பிரிந்து நின்றது.

ஜாடியின் மேல்பாதியில் பொன்னிற எண்ணெய். கீழ்ப்பாதியில் சேறு. பக்கத்து ஜாடியில் நிலக்கடலை இன்னும் மோசம். எண்ணெயெல்லாம் மேலே ஏறிவிட, அடியில் தங்கியது கல்லாக இறுகிப் போயிருந்தது. மருமகள் கரண்டியைச் செருகித் திருப்பினாள். கரண்டி வளைந்தது. கடலை அசையவில்லை.

இரண்டும் போன வாரம் வறுத்து, தோல் நீக்கி, மிக்ஸியில் அரைத்த பட்டர். மிக்ஸி சூடாகும்போதெல்லாம் நிறுத்தி, அது ஆறும்வரை பக்கத்தில் உட்கார்ந்து காய்ச்சல்காரனைப் போலத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. அரைத்த அன்று இரண்டும் களிம்பு போல வழுவழுவென்று இருந்தன.

நாளைக் காலையில் மலைக்கு வண்டி. தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் அவளோடு வேலை செய்கிறவர்கள் முதுகுப் பையை மாட்டிக்கொண்டு மலையேறப் போகிறார்கள். மேலே கடை கிடையாது. அடுப்பு மூட்டவும் கூடாது. கனமில்லாத, கெட்டுப்போகாத, ஒரு வாய் தின்றால் வெகுதூரம் நடக்கவைக்கிற சாப்பாடு வேண்டும். "யார் பொறுப்பு?" என்று கேட்டபோது ஒரு கை உயர்ந்தது. அது தன் கைதான் என்று பார்த்ததும் அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காதவள் அவள்.

கல்யாணத்துக்குப் பிறகு அவள் தனியாக எங்கும் போனதில்லை. மாமியாரிடம் கேட்பதற்குக் குளியலறைக் கண்ணாடி முன் பல நாள் ஒத்திகை பார்த்து, கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் கேட்டாள். "போயிட்டு வா" என்றார் மாமியார். அவர் மனசு மாறுவதற்குள் வண்டி ஏறிவிட வேண்டும். அவளுக்கு இருந்த கவலை அது ஒன்றுதான்.

பயணத்துக்குத் தலைமை தாங்குகிறவள் அவளுடைய தோழி. எல்லோரும் அவளை மலைக்காரி என்பார்கள். அவளிடம்தான் யோசனை கேட்க வேண்டும். கையெல்லாம் எண்ணெய். சுண்டுவிரலால் போனை அழுத்திக் குரல் செய்தி ஒன்றைப் பேசி அனுப்பினாள்.

"பழசு ரெண்டும் சரிப்பட்டு வரலடி. போன வாரம்கூட நல்லாத்தான் இருந்துச்சு. இன்னிக்குப் பாத்தா பிரிஞ்சு நிக்குது. ஒண்ணு மினுக்கிட்டு நிக்குது, இன்னொண்ணு கல்லு மாதிரி உக்காந்துடுச்சு. நானும் எவ்வளவு நேரம்தான் போராடறது? பேசாம தனித்தனியா கட்டிடறேன். எதை யார் தூக்கறதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. எனக்கு இதுக்கு மேல இடமில்ல. சீக்கிரம் சொல்லு, காலைல வண்டில ஏத்தியாகணும்."

கையைக் கழுவினாள். கட்டுவதற்கு ஏற்பாடு செய்தாள். ஜாடி கனம், மலைக்கு ஆகாது. தடித்த பிளாஸ்டிக் பைகளில் நிரப்பி, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, தலைமுடியை நேராக்கும் இடுக்கியைச் சூடாக்கி வாயை ஒட்டவைக்க வேண்டும். இடுக்கியைச் செருகிவிட்டுப் போனைப் பார்த்தாள்.

செய்தி மலைக்காரிக்குப் போகவில்லை. 'நம் குடும்பம்' குழுவுக்குப் போயிருந்தது.

கணவன், கணவனின் அண்ணன், நாத்தனார், மாமனார், மாமியார். கணவனைத் தவிர எல்லோரும் கேட்டுவிட்டிருந்தார்கள்.

தான் பேசியதை மனசுக்குள் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள். 'பழசு ரெண்டும்' என்ற இடத்தில் மாமனாரும் மாமியாரும் கண்முன் வந்து நின்றார்கள். 'மினுக்கிட்டு' என்ற இடத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மாமியாருக்குக் குளிர்காலம் வெயில்காலம் எல்லாக் காலமும் முகத்துக்குக் கிரீம் வேண்டும். மாமனார் நாற்காலியில் உட்கார்ந்தால் பக்கத்தில் இடி விழுந்தாலும் அசைய மாட்டார்.

உடனே செய்தியை அழித்தாள்.

அடுத்த நொடி கணவனின் அண்ணன் எழுதினார். "ஏம்மா அழிக்கிறே? அதான் எல்லாரும் கேட்டாச்சே."

பட்டர் என்று எழுதினால் பெரியவர்களுக்குப் புரியாமல் போகலாம் என்று நினைத்தாள். நல்ல தமிழில் எழுதிவிடுவது மேல். அவசரத்தில் 'பாதாம்' என்ற முன்பாதி விட்டுப்போனது.

"தப்பா நினைக்காதீங்க அத்தான். வெண்ணெய்."

பிறகு பதில் வந்தது.

"யாரும்மா வெண்ணெய்? நானா?"

அழைப்பு மணி அடித்தது. நாத்தனார் அடுத்த தெருக்காரி. பள்ளியில் தமிழ் எடுக்கிறவள். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

"யாரைடி 'டி'ங்கிறே?"

"அண்ணி, அது உங்களுக்கு இல்ல..."

"அப்ப எங்கம்மாவுக்கா?"

"ஐயோ, இல்ல அண்ணி!"

"பழசு ரெண்டுமாம். பிரிஞ்சு நிக்குதாம். பெத்தவங்களை அஃறிணையில பேசற வீட்டை இன்னிக்குத்தான் பாக்கறேன். என் வகுப்புல எந்தப் பிள்ளையாவது இப்படி எழுதினா முட்டி போட வச்சிருப்பேன்."

"அண்ணி, அது பாதாமும் கடலையும்."

நாத்தனார் நெஞ்சில் கை வைத்தாள். "பட்டப்பேர் வேறயா!"

"பட்டப்பேர் இல்ல..."

"எங்கம்மா மினுக்கறாங்களா? ஏதோ கொஞ்சம் கிரீம் தடவுவாங்க. அது ஒரு குத்தமா? எங்கப்பா கல்லு மாதிரி உக்காந்திருக்காரா?" ஒரு கணம் யோசித்தாள். "சரி, அது உண்மைதான். அதுக்காக வெளிய சொல்லிடறதா?"

கணவனின் அண்ணன் டயர் கடையிலிருந்து நேராக வந்தார். கையில் கறுப்பு மசி. "எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும்" என்றார். "வெண்ணெய்னு சொன்னது என்னையா, இல்ல பொதுவாவா?"

மருமகள் மாமனார் மாமியார் அறைக்கு ஓடினாள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

"அத்தை! அத்தை, கதவைத் திறங்க. நான் சொல்றதைக் கேளுங்க."

"இரும்மா." மாமியாரின் குரல் நடுங்கியது. "கொஞ்சம் இரு."

உள்ளே பீரோ திறக்கும் சத்தம். கட்டிலுக்கு அடியிலிருந்து எதையோ இழுக்கும் சத்தம். பிறகு ஜிப்.

"ஐயையோ!" என்று கத்தினாள் நாத்தனார். "அம்மா பெட்டி கட்டறாங்கடா!"

இனி மருமகள் தன் வாயால் சொல்லி யாரும் நம்பப் போவதில்லை. கணவன் சொன்னால் நம்புவார்கள். அவனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரை அழுத்தினாள். பின்னணியில் ஒரே ஹாரன் சத்தம்.

"ஏங்க, இந்தப் பழசு ரெண்டும் என்னன்னு நீங்களே அண்ணிகிட்ட..."

"என்ன? பழசு ரெண்டுமா? அது இன்னுமா வீட்டுல இருக்கு?" என்றான் கணவன். "காலைலயே பாத்துட்டுச் சொன்னேன்ல, தூக்கி வெளிய வச்சிடு, எறும்பு மொய்க்கும்னு. எதுக்கும் ஆகலைன்னா பக்கத்து வீட்டு நாய்க்காவது போடு. நான் வண்டி ஓட்டறேன், அப்புறம் பேசறேன்."

இணைப்பு அறுந்தது.

நாத்தனார் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள்.

"பேசினது தம்பிதானே?" என்றார் அண்ணன்.

"நாய்க்கா..." என்றாள் நாத்தனார். "எங்கம்மா அப்பாவை... நாய்க்கா..."

மருமகள் கணவனை மறுபடி அழைத்தாள். அவன் எடுக்கவில்லை.

"போதும்." அண்ணன் மசிக்கையால் நெற்றியைத் துடைத்தார். நெற்றியும் கறுத்தது. "இனி ஒரு நிமிஷம் இங்க விட மாட்டோம். அம்மாவை நான் கூட்டிட்டுப் போறேன்."

நாத்தனார் சட்டென்று எழுந்தாள். "நீ ஏன்? அம்மா என்கூட வரட்டும். சாயங்காலம் என் பசங்களைப் பாத்துக்க ஆள் இல்ல."

"என் வீட்டுல மட்டும் ஆள் இருக்கா? அம்மா வந்தா சமையலாவது ஒழுங்கா நடக்கும்."

"அப்ப அப்பா?"

"அப்பாவை நீ வச்சுக்கோ."

"ஏன்? நீதானே மூத்தவன்!"

"பொண்ணுங்களுக்குத்தான் அப்பா மேல பாசம்னு சொல்வாங்க."

"பாசம் இருக்கு. ரூம்தான் இல்ல. அவர் குறட்டை விட்டா பசங்க முழிச்சிக்கும்."

"என் வீட்டுல மாடிப்படி. அப்பாவுக்கு முட்டி வலி."

"முட்டி வலிக்குப் படி ஏறினா நல்லதுடா!"

அறைக்குள் ஜிப் சத்தம் நின்றது. பிறகு முன்னைவிட வேகமாக மறுபடியும் கேட்டது.

"இதெல்லாம் உன்னாலதான்" என்று மருமகள் பக்கம் திரும்பினாள் நாத்தனார். "மலையாம் மலை! நாளைக்கு நீ எங்கயும் போகப் போறதில்ல. இங்கயே இரு, அம்மாவைச் சமாதானம் பண்ணு."

மருமகள் சமையலறைக்குப் போனாள். இரண்டு ஜாடிகளையும் இரண்டு கைகளில் தூக்கிவந்து மேஜைமேல் ஓங்கி வைத்தாள். எண்ணெய் துள்ளி நாத்தனார் தோளிலும் அண்ணன் சட்டையிலும் தெறித்தது.

"இதுதான் பழசு!" என்று கத்தினாள். "இது பாதாம்! இது கடலை! மலைக்குச் சாப்பாடு! இதுதான் பிரிஞ்சு நிக்குது! மினுக்கறது இந்த எண்ணெய்! கல்லு மாதிரி உக்காந்திருக்கிறது இந்தக் கடலை! நான் 'டி' போட்டது என் கூட வேலை பாக்கறவளை! நாய்க்குப் போடச் சொன்னது இதை! எல்லாம் இது! இது! இது!"

அவள் குரல் கூடத்தில் எதிரொலித்தது. அந்த வீட்டில் யாரும் அதுவரை அதைக் கேட்டதில்லை. அவளும்தான்.

அண்ணன் ஜாடியைப் பார்த்தார். எண்ணெயைப் பார்த்தார். மசி படாத ஒரே விரலைத் தேடி, அதை உள்ளே விட்டு நக்கினார்.

"கடலைதான்" என்றார்.

நாத்தனார் பாதாமைத் தொட்டு நாக்கில் வைத்தாள். "உப்பு ஒரு கல்லு கம்மி" என்றாள். பிறகு அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று மருமகள் பயந்தாள். சிரிக்கிறாள். அண்ணனும் சிரிக்க ஆரம்பித்தார். "அப்ப வெண்ணெய் நான் இல்ல" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மருமகள் மலைக்காரிக்கே போன் போட்டாள். அவள் சாதாரணமாகச் சொன்னாள்: "இதுக்கா இவ்வளவு பதட்டம்? ஜாடியை வெந்நீர்ல கொஞ்ச நேரம் உக்கார வை. கல்லு இளகிடும். அப்புறம் கலக்கு, சேந்துடும்."

சேர்ந்தது. நாத்தனார் பையின் வாயை விரித்துப் பிடித்துக்கொள்ள, மருமகள் ஊற்றினாள், காற்றைப் பிதுக்கினாள், இடுக்கியால் ஒட்டினாள். அண்ணன் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து, டியூபைப் பார்ப்பது போல ஒவ்வொரு பையையும் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார்.

"பஞ்சர் இல்ல. தைரியமாக் கொண்டு போ."

"நல்லா சுத்திப் பாத்துட்டு வா" என்றாள் நாத்தனார். "நான் கத்தினதையெல்லாம் மனசுல வச்சுக்காதே."

அப்போதுதான் அறைக்கதவு திறந்தது.

மாமியார் வெளியே வந்தார். வெளியூர் போகும்போது மட்டும் கட்டும் சேலை. முகத்தில் புதிதாகக் கிரீம். கையில் ஒரு பெட்டி. பின்னால் மாமனார், பளிச்சென்று சவரம் செய்து, தலையைப் படிய வாரி, தோளில் வேறொரு பையுடன்.

நாத்தனார் ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். "அம்மா, ஒண்ணுமே இல்லம்மா! எல்லாம் கடலை! உங்களை யாரும் பிரிக்கப் போறதில்ல!"

"சத்தியமாப்பா" என்றார் அண்ணன். கண் கலங்கியிருந்தது. "நாங்க இருக்கிறவரைக்கும் நீங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் இருப்பீங்க. இதே வீடு. இதே ரூம்."

மருமகள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். மாமனார் முகத்தில் இருந்த வெளிச்சம் மெல்ல இறங்கியது. மாமியார் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டுத் தன் கணவரைப் பார்த்தார்.

"நான்தான் அப்பவே சொன்னேனே, நமக்கெல்லாம் ஒருத்தர்கிட்டயிருந்து ஒருத்தருக்கு அவ்வளவு சுலபமா விடுதலை கிடைக்காதுன்னு. போங்க, போய்ப் பையைப் பிரிங்க."