பதினொரு தரம் ஓடிய நாலு நிமிடம்

உடுப்பிட்டி,
1994 யூலை 17, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம்.
நேற்று எங்கள் முற்றத்தில் படம் பார்த்தவர்கள்: ஐம்பத்தெட்டுப் பேர்.

பெருமதிப்புக்குரிய மாமா அவர்கட்கு,

மருமகன் சிவகரன் வணக்கத்துடன் எழுதுவது. அம்மா, நான், தங்கச்சி குணலட்சுமி மூவரும் சுகம். லண்டனில் நீங்களும் மாமியும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க, அம்மா வெள்ளிக்கு வெள்ளி சந்நிதி முருகனை வேண்டுகிறா. மரியாதை முடிந்தது. குருநகர் யாகோப்பு அண்ணை கொழும்புக்குப் போகிற வழியில் எட்டு மணிக்கு வந்து கடிதத்தை வாங்குவார். அங்கேதான் தபாலில் போடலாம். ஆகவே நேரே விசயத்துக்கு வருகிறேன்.

சினிமாவும் ஆங்கில இலக்கியமும் படிக்கக் குணத்துக்கு இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகம் புலமைப்பரிசிலோடு இடம் தரப் பார்க்கிறது. உங்கள் வீட்டில் தங்க இடமுண்டு என்று நீங்கள் கையொப்பம் வைத்தால் காரியம் நடக்கும். படம் பார்க்கிறதுக்கும் ஒரு பட்டமா என்று கேட்டு, "தமையன் நீ முடிவைச் சொல்லு, அதன்படி செய்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் காங்கேசன்துறையில் மின்வேலை பழகினவன். இப்போது ஊராரின் தண்ணீர் இறைக்கிற மெசின்களை மண்ணெண்ணெயில் ஓட மாற்றிக் கொடுத்துப் பிழைக்கிறவன். எனக்குத் தெரிந்த மட்டில் ஒரு மெசின் ஒன்றில் ஓடும். அல்லது ஓடாது. இந்தப் படிப்பு இரண்டிலும் சேரவில்லை. அதிலும் மூன்றாம் வருடம் 'வெளிநாட்டில்' படிக்க வேண்டுமாம். இங்கிலாந்தே வெளிநாடு, மாமா. அங்கே போய்ச் சேர்ந்த பிறகு இன்னொரு வெளிநாடு எதற்கு என்று கேட்டேன். "அது உங்களுக்கு விளங்காது அண்ணை" என்றாள். விளங்காததை ஏன் விற்கிறார்கள் என்று கேட்டேன், எழும்பி உள்ளே போய்விட்டாள்.

இப்போது நேற்றைய கதை. பல்கலைக்கழகம் ஒரு வீடியோ கசற் அனுப்பியிருந்தது. அதில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் நாலே நாலு நிமிடம். அதைத் திரும்பத் திரும்பப் பார்த்து ஐந்து பக்கம் எழுத வேண்டும். இங்கே நாலு வருடமாகக் கரண்ட் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். நான் ஒரு வீடியோ டெக்கும் ரீவியும் இரவல் வாங்கி, மூடியளவு பெற்றோல் விட்டு ஜெனரேற்றரை ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாற்றினேன். பின்னேரம் மூன்று மணி. எங்கள் ஊரில் ஜெனரேற்றர் சத்தம் கேட்டால் அங்கே படம் போடுகிறார்கள் என்று அர்த்தம், வேறு அழைப்பு வேண்டாம். பத்து நிமிடத்தில் பாய்களோடும் வறுத்த கச்சான் கடலையோடும் ஐம்பத்தெட்டுப் பேர். சனத்தை அனுப்பிவிடு என்றேன். "இருக்கட்டும்" என்றாள் குணம்.

படத்தில் ஒரு பெண் மேசைக்கு வருகிறாள். இரண்டு சாப்பாட்டுத் தட்டு வைக்கிறாள். கதவைப் பார்க்கிறாள். ஒரு தட்டைத் திருப்பி எடுக்கிறாள். முடிந்தது. பேச்சும் இல்லை, பாட்டும் இல்லை.

"சரி தம்பி, விளம்பரம் முடிஞ்சுது, இனிப் படத்தைப் போடும்" என்றார் ஓய்வுபெற்ற ஸ்ரேசன் மாஸ்டர் நாகலிங்கத்தார். நான் கசற்றைச் சுற்றித் திரும்பப் போட்டேன். அதே பெண், அதே தட்டு. மூன்றாம் தரம் அவர் எழும்பிவிட்டார். "உம்மடை டெக் ஒரு இடத்திலை நிண்டு சுத்துது. முதல்லை உதைத் திருத்தும், பேந்து ஊராற்றை மெசினைத் திருத்தலாம்." ஐம்பத்தெட்டுப் பேரும் சிரித்தார்கள். பழுது இல்லை, படமே இவ்வளவுதான் என்று நான் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை.

நாலாம் தரம் பக்கத்து வளவுச் சின்னாச்சியக்கா வாய் திறந்தா. "வாறனெண்டவன் வரேல்லை."

"வாறனெண்டு ஆர் சொன்னது? உவள் ஒருதரும் வராமலே ரெண்டு தட்டு வைக்கிறாள்" என்றார் நாகலிங்கத்தார்.

"வரமாட்டான் எண்டு தெரிஞ்சும் கை தன்பாட்டிலை ரெண்டு வைக்கும், மாஸ்ரர். என்ரை பொடியன் கனடா போய் மூண்டு மாசம் நானும் ரெண்டுதான் வைச்சனான்."

"அப்ப ஏன் கதவைப் பாக்கிறாள்?"

"உங்களுக்குக் காத்திருந்து பழக்கமில்லை. றெயிலைத்தான் காக்க வைச்சனியள்."

அதோடு முற்றம் இரண்டாகப் பிரிந்தது. கதவை இரண்டு தரம் பார்த்தாளா மூன்று தரமா என்று எண்ணுவதற்காக அவர்களே திரும்பப் போடச் சொன்னார்கள். விளம்பரம் என்று சொன்ன மனிதர்தான் "அந்த இடத்திலை நிப்பாட்டும் தம்பி, நிப்பாட்டும்" என்று கத்தினார். இப்படிப் பதினொரு தரம். குணமோ ரீவியைப் பார்க்கவே இல்லை. கொப்பியை வைத்துக்கொண்டு சனத்தைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். படத்தைப் பார் என்றேன். "அண்ணை, பேசாமல் றீவைண்ட் பண்ணுங்கோ" என்றாள்.

பலன் என்ன தெரியுமா? இன்று காலை ஆறு மணிக்கே இரண்டு பேர் வந்து, திருத்தத் தந்த மெசின்களைத் திருப்பிக் கொண்டுபோய்விட்டார்கள். நாலு நிமிடத்துக்கு மேல் டெக்கை ஓட்டத் தெரியாதவன் என்று சந்தி வரை கதை போயிருக்கிறதாம். படிக்கப் போக முன்னரே இந்தப் படிப்பு செய்த வேலை இது. ஆகவே என் முடிவு: கையொப்பம் வைக்க வேண்டாம். கணக்கியல் படிக்கட்டும், அதைக் கொழும்பிலும் படிக்கலாம், மாதத்துக்கு ஒரு கடிதமாவது வரும்.

மாமிக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு அம்மாவின் ஆசீர்வாதம்.

இங்ஙனம்,
உண்மையுள்ள மருமகன்,
சிவகரன்

பி.கு.: நேரம் ஏழு ஐம்பத்தைந்து. குணத்தின் கட்டுரையும் இதே உறையில் போக வேண்டும். பக்கங்கள் ஒழுங்கா என்று எடுத்துப் பார்த்தவன் வாசித்துவிட்டேன். என் ஆங்கிலம் பம்ப் கையேடு வாசிக்கிற ஆங்கிலம்தான், ஆனாலும் விளங்கியது. இரண்டாம் பக்கத்தில் சின்னாச்சியக்கா சொன்னது, பெயரோடு இருக்கிறது. நாலாம் பக்கத்தில் இப்படி இருக்கிறது: 'இயந்திரத்தை இயக்கிய என் அண்ணன், அந்தப் பெண் தட்டைத் திருப்பி எடுக்கும் ஒவ்வொரு தரமும் எழும்பி ஜெனரேற்றரடிக்குப் போனான். வோல்ற்றேச் விழுகிறது என்றான். வோல்ற்றேச் விழவில்லை.'

மாமா, மீற்றர் என் கையில்தான் இருந்தது. விழவில்லை. மேலே எழுதிய காரணங்களில் ஒன்றும் காரணம் இல்லை. எங்கள் வீட்டில் இப்போது வைப்பது மூன்று தட்டு. பதினொரு தரம் போட்ட படத்தை நான் ஒருதரமும் முடிவு வரை பார்க்கவில்லை, அவள் என்னைப் பார்த்திருக்கிறாள். இதற்குத்தான் பட்டம் தருகிறார்கள் என்றால் தரட்டும். கையொப்பம் வையுங்கள். படிவம் இத்துடன் இருக்கிறது, பென்சிலால் X என்று புள்ளடி இட்ட இடத்தில் வையுங்கள். யாகோப்பு அண்ணை வாசல் படலையில் சைக்கிள் மணி அடிக்கிறார், திருப்பி எழுத நேரமில்லை. இனி நான் செய்யப்போவது:

1. முன் பக்கங்களைக் கிழிக்காமல் அப்படியே உறையில் வைத்து ஒட்டிக் கொடுப்பேன். நீங்கள் வாசித்துவிட்டுக் கிழியுங்கள்.
2. அந்த இரண்டு மெசின்களையும் வீடு தேடிப் போய்ச் சும்மா திருத்திக் கொடுப்பேன்.
3. குணத்தின் பயண அனுமதிக்கு நாளை விடியவே போய் வரிசையில் நிற்பேன்.
4. நான் வாசித்தது அவளுக்குத் தெரியவராமல் பார்த்துக்கொள்வேன். நீங்களும் வாய் விடாதீர்கள்.